ஓட்டுப் போனது, சங்கம் போகவில்லை

இலங்கைத் தீவின் மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் (1913–1999) அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவர். 1947-ல் நுவரெலியா மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிபோனது; 1949-ல் ஓட்டும் போனது. மிஞ்சியது சங்கம் ஒன்றுதான்.

அவரே தோட்ட முதலாளி. 1978-ல் மந்திரியானதை ஏசியவர்களும் உண்டு. ஆனால் மந்திரி நாற்காலியை மட்டும் அவர் நம்பவில்லை. 1986 தைப் பொங்கலன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் இறங்கினார்கள். அதன் பிறகே, 1986-லும் 1988-லும், நாடற்றவருக்குக் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன.

பெங்களூரில் பிழைக்க வந்த நமக்கு ஓட்டு இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் ஞாயிறன்று சங்கத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம்.