தோள் வலிக்கு ஒரு சாட்சி

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அங்கே ஆடுகளைத் தூக்கி லாரியில் ஏற்றுகிறவருக்கும், மாந்தோப்பில் தொரட்டி பிடிக்கிறவருக்கும், ஓசூர், குருபரப்பள்ளித் தொழிற்சாலைகளில் தலைக்கு மேல் கை நீட்டித் திருகாணி முடுக்குகிறவருக்கும் வரக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதுதான் தோள் வலி. கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் பாதி வழியில் சுரீர் என்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை.

தைலம் தேய்த்துப் பார்க்கிறார்கள். பிறகு எக்ஸ்ரே. "எலும்பு நன்றாகத்தானே இருக்கிறது!" என்கிறார்கள். அதன் பிறகு தொழிலாளி சொல்லும் வலியை யார் நம்புவார்? வேலைக்குச் சோம்பல் என்று மேஸ்திரி முடிவு கட்டிவிடுகிறார்.

கோளாறு பெரும்பாலும் எலும்பில் இல்லை. தோள் முகட்டு எலும்புக்கு அடியில் ஒரு தசைநாண் செல்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நார் அது. கை உயரும்போது அது நெருக்குண்டு நைகிறது என்று அமெரிக்க டாக்டர் சார்லஸ் நீர் 1972-ல் விளக்கினார். எக்ஸ்ரேயில் இந்த நார் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே கேளா ஒலி ஸ்கேனில் தெரியும். தடிப்பு, கிழிசல், நீர்க்கோவை எல்லாம் புலப்படும். கையை அசைக்கச் சொல்லி, அசையும்போதே பார்க்கலாம்.

கிழிசல் தெரிந்தவுடன் கத்திக்குப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு, கிழிசல் இருப்பதுண்டு. 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், எலும்பைச் செதுக்கிய நோயாளிகளும், துளையிட்டுப் பார்த்துவிட்டு எலும்பைத் தொடாமல் விட்ட நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமடைந்தார்கள். தேகப்பயிற்சியும், கை தூக்காத வேலையுமே முதல் மருந்து.

ஸ்கேன் கருவியைச் சந்தைக்குத் தூக்கிவர முடியாது. கருவின் பால் அறிந்து பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், அதைப் பதிவு செய்துதான் வைக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொடுமையை அறிந்த சீமை இது. சட்டம் தளர வேண்டியதில்லை.

போலுப்பள்ளியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. அங்கே வாரத்தில் ஒரு நாளைத் தோள் வலிக்காரர்களுக்கென்று ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். சந்தைக் கூலியை விட்டு யார் வருவார்கள்? டாக்டர் தரும் சீட்டைக் கம்பெனிகளும் மதித்து, அந்தத் தொழிலாளியை ஆறு வாரமேனும், கூலி குறையாமல், கை தூக்காத வேலையில் அமர்த்தட்டும்.