பாட்டனாரின் சதுரங்கமும் பேரனின் சதுரங்கமும்

கொழும்பிலிருந்து நெடுந்தீவுக்கு விடுமுறையில் வந்த பேரன் சதுரங்கப் பலகையை விரிக்கிறான். முதல் நகர்விலேயே காலாளை இரண்டு கட்டம் தள்ளுகிறான். “இது கள்ள ஆட்டமடா!” என்கிறார் பாட்டனார். “இதுதான் சட்டம், அப்பு” என்கிறான் பையன். பலகை மடிக்கப்படுகிறது. இத்தகைய பூசல் உங்கள் இல்லத்தில் எழுந்தால் யார் பக்கம் தீர்ப்பளிப்பீர்கள், நேயர்களே?

நாம் இருவர் பக்கமும் நிற்போம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைச் சிறு காய்களாக்கி நடத்திய பாரதநாட்டுப் போராட்டம் பாரசீகம் வழியே மேனாடு சென்றது. அங்கே 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூலைவாட்டில் ஒரே கட்டம் நகர்ந்த மந்திரி பலகை முழுதும் பாயும் இராணியாயிற்று. நாட்டு முறையோ இடத்துக்கிடம் வேறுபட்டது. பெரும்பாலும் அதிற் காலாள் ஒரு கட்டமே நகரும். கோட்டை கட்டுதல் இல்லை. ‘செக்’ வாங்காத அரசன் ஒருமுறை குதிரைபோற் பாயலாம். எதிர்க்கரை சேர்ந்த காலாள் அந்த நிரலுக்குரிய காயாகவே மாறும்.

ஆகவே பழைய ஆட்டத்திற் படைகள் ஆறுதலாக அணிவகுக்கும். புதியதிலோ நாலைந்து நகர்வில் கைகலப்பு. பெரியவர் தோற்பது இந்தத் தொடக்கத்திலேதான். அதனைப் பேரனிடமே கேட்டுக் கற்பதில் இழிவொன்றுமில்லை. ஆனால் காய்கள் குறைந்த பின்பு வேண்டப்படும் பொறுமையும் கணக்கும் இரண்டுக்கும் பொது. பாய்வள்ளம் ஓட்டியவர் இயந்திரப் படகேறினால் கற்பார் கிடக்கும் இடத்தை மறந்துவிடுவாரா? பையன்தான் அந்தப் பாடத்தை இழக்கிறான், பலகையை மடித்தால்.

பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான் நாட்டு முறையிலே வளர்ந்தவர். 1929 இல் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரித்தானிய வாகையர் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆம் ஆண்டுகளிலும் அவரே வென்றார். முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வீழ்த்தினார். தொடக்க நகர்வுகளில் அவர் தடுமாறினார் என்பர். இறுதியாட்டத்தில் அவரை அசைப்பது அரிதாயிருந்தது. 1966 இற் காலமான அவருக்கு, 2024 இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது.