மகரந்தத்துக்கு வரப்பு தெரியாது

"காமர்ஸ் படிக்கிற உனக்கு எதுக்குடா விதை, மகரந்தம் எல்லாம்?" என்று கேட்டான் வகுப்புத் தோழன் ஒருவன். கேன்டீனில் மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உள்ளாட்சிகள் அதற்குத் தடை போடுவதை, "அறிவியல் தெரியாதவங்க பண்ற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிரைச் சாப்பிட்டால் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2016-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, மற்ற உணவைவிட இதில் உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்து இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வயல்காரருக்கு நஷ்டம் வந்தால் யார் கொடுப்பது? "சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது" என்பது அதற்குப் பதிலா?

கதை நடந்த இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஜாக்சன் கவுண்டி. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம்மூர் மாவட்டம் மாதிரி. சுமார் 2 லட்சம் ஜனத்தொகை. அங்கே ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிறு விவசாயிகள் ஆர்கானிக் விதை உற்பத்தி செய்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் சின்ஜென்டா நிறுவனம், களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற சர்க்கரை பீட்டை விதைக்காக வளர்த்தது. 2012-ல்தான் இது சிறு விவசாயிகளுக்குத் தெரியவந்தது.

இதில் என்ன பிரச்சினை என்கிறீர்களா? சர்க்கரை பீட், நாம் பொரியல் செய்யும் பீட்ரூட், அங்கே விரும்பிச் சாப்பிடும் சார்ட் கீரை, மூன்றும் தாவரவியல்படி ஒரே இனம். மகரந்தம் காற்றில் மைல் கணக்கில் பறக்கும். பூத்து நிற்கும் சார்ட் செடியில் அது விழுந்தால் விதை கலப்பாகிவிடும். ஆர்கானிக் விதை வாங்குகிறவர் அப்புறம் அதைத் தொடமாட்டார்.

இப்போது பேரேட்டைத் திறப்போம். புது ரகத்தால் வரும் லாபம் கம்பெனி கணக்கில். விதையைப் பரிசோதிக்கும் செலவு, இடைவெளி விட்டுச் சும்மா கிடக்கும் நிலம், விற்காமல் போகும் விதை, எல்லாம் பக்கத்து விவசாயி கணக்கில். எக்ஸ்டர்னாலிட்டி என்று செமஸ்டருக்கு மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். வரவு ஒருத்தருக்கு, செலவு அடுத்தவருக்கு என்று எழுதினால் எங்கள் வாத்தியார் பேப்பரைக் கிழித்துப் போடுவார்.

ஜாக்சன் மக்கள் கணக்கைத் திருத்தினார்கள். 2014 மே 20 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தரப்பு செலவழித்தது 8 லட்சம் டாலருக்கும் மேல். 2 லட்சம் பேர் வசிக்கும் ஓர் ஊருக்கு! அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2004-ல், அமெரிக்காவிலேயே முதல் ஆளாக கலிபோர்னியாவின் மெண்டசீனோ கவுண்டி தடை போட்டபோதும் பூச்சிமருந்து, விதைக் கம்பெனிகளின் சங்கம் 6 லட்சம் டாலருக்கு மேல் கொட்டித் தோற்றது. ஒன்றும் தெரியாத ஜனங்கள் என்றால் எதற்கு இவ்வளவு செலவு?

"என் நிலம், என் உரிமை" என்பது அடுத்த வாதம். மரபணு மாற்றக் குதிரைமசால் பயிரிட்டிருந்த இரண்டு பண்ணைகள் இதைத்தான் சொல்லி வழக்குப் போட்டன. தடை நிற்குமானால் 42 லட்சம் டாலர் நஷ்டஈடு வேண்டும் என்றும் கேட்டன. ஓரிகனில் விவசாயம் செய்யும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அடுத்தவரின் விளைபொருளைக் கெடுக்கும் முறைக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு தராது என்று 2015-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பண்ணைகளும் பணம் போட்டவைதானே என்று கேட்டால், நியாயம்தான். அதே ஆண்டு ஏற்பட்ட சமரசத்தில், ஏற்கெனவே நட்ட குதிரைமசாலை எட்டு வருஷம் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஊர்க்காரர்கள் பேசித் தீர்க்க முடியாத விஷயமில்லை இது.

எனக்குக் கோபம் வரும் இடம் இனிமேல்தான். பக்கத்திலேயே ஜோசஃபைன் கவுண்டி. அதே நாள், அதே மாதிரி வாக்கெடுப்பு, அங்கேயும் தடைக்கே வெற்றி. ஆனால் 2016-ல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம், விதையைப் பற்றி உள்ளாட்சிகள் விதி போடக்கூடாது என்று 2013-ல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஜாக்சனின் மனு அதற்கு முன்பே ஏற்கப்பட்டிருந்ததால் அதற்கு மட்டும் விலக்கு. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் விவசாயிக்குப் பாதுகாப்பு, அந்தப் பக்கம் இல்லை. மகரந்தம் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பறக்கிறது. கவுண்டியிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிய அந்தச் சட்டம், கலப்பு நேர்ந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்று சொல்லவில்லை.

"ஆளுக்கொரு விதி போட்டால் குழப்பம்தானே?" என்பார்கள். எந்தப் பயிர் எங்கே பூக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தலைநகரத்தில் இருப்பவருக்குத் தெரியுமா, அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவருக்குத் தெரியுமா? ஹவாய் கவுண்டி 2013-ல் தடை கொண்டுவந்தபோது, வைரஸ் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கிய மரபணு மாற்றப் பப்பாளிக்கு விலக்கு கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பயப்படுகிறவர்கள் செய்கிற காரியமா இது? அந்தச் சட்டத்தையும், இது மாநிலத்தின் வேலை என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்தது.

எல்லாத் தடையும் சரி என்று நான் கொடி பிடிக்கவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத பயிரை வெறும் பயத்தால் தடுத்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் நஷ்டத்தைச் சுமக்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது இருக்க வேண்டும். அதுவும் கூடாது என்றால், நஷ்டஈட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்.

தோழா, அடுத்த டீ என் செலவு. திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டு. கணக்கோடு வந்து திட்டு.