புளி போட்டுத் தேய்க்காதீங்க!



ஒரு காசின் எடை எவ்வளவு இருக்கும்? சில கிராம் என்பீர்கள். சுவீடன் நாட்டில் 1644-ல் அடித்த 10 தாலர் செப்புக் காசின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ! ஒரு மூட்டை அரிசியைத் தூக்குவது போலத்தான் தூக்க வேண்டும். வட்டமும் இல்லை, நீள்சதுரத் தகடு. நடுவிலும் நான்கு மூலைகளிலும் முத்திரை.

ஏன் இந்தக் கூத்து? சுவீடனில் வெள்ளி குறைவு. ஆனால், ஃபலூன் சுரங்கத்தில் செம்பு கொட்டிக் கிடந்தது. காசின் மதிப்புக்கு ஈடான உலோகம் அதிலேயே இருக்க வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். வெள்ளியைவிடச் செம்பு மிக மலிவு. அதனால்தான் இத்தனை கனம். கடைக்குப் போக வண்டி கட்ட வேண்டிய நிலைமை! 1661-ல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்று காகிதப் பணம் வெளியிட்டது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான். (அளவுக்கு மீறி அச்சடித்து, அந்த வங்கி சீக்கிரமே நொடித்துப்போனது வேறு கதை.)

செம்பு விலை ஏறியபோதெல்லாம் தகடுகளை உருக்கி விற்றுவிட்டார்கள். அதனால் 10 தாலர் தகடுகள் இன்று மிக அரிது.

பழைய செப்புக் காசு கிடைத்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பதுதான். செய்யவே செய்யாதீர்கள்! அந்தப் பழுப்பு நிறப் படலம் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் மேற்பரப்பே மாறி உண்டானது. அதைக் கரைத்தால் ஆண்டு, முத்திரை எல்லாம் மழுங்கும். சேகரிப்பவர்கள் அத்தகைய காசைச் சீந்த மாட்டார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். காகித உறையில் போடுங்கள். யாரிடமிருந்து, எப்போது கிடைத்தது என்று உறைமேல் எழுதுங்கள்.

இந்தியாவுக்குப் புறப்பட்ட 'நிகோபார்' என்ற டென்மார்க் கப்பல், 1783-ல் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் மூழ்கியது. அதில் இருந்தவை இதே சுவீடன் தகடுகள்! சுமார் 200 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தன. உப்பு நீர் அரித்த பள்ளங்களோடும் களிம்போடும்தான் அவற்றை இன்றும் வாங்கிப் பாதுகாக்கிறார்கள். தேய்த்திருந்தால், கடலுக்குள் கிடந்த அந்த 200 ஆண்டுக் கதையும் புளித் தண்ணீரோடு போயிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்