கேட்டில் செருகிவிட்டுப் போவதற்கா தபால்?

எங்கள் நங்கநல்லூரில் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காலை நடையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவேன். பூவேலை செய்த இரும்பு கேட், நாலு மூலையிலும் கேமரா, “நாய் ஜாக்கிரதை” பலகை, “கேட் முன் வண்டி நிறுத்தாதீர்” பலகை எல்லாம் இருக்கும். தபால்காரர் ஒரு கடிதம் போட ஓர் இடம் மட்டும் இருக்காது. கேட்டால், “இந்தக் காலத்துல யார் சார் லெட்டர் போடறாங்க?” என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இப்போது வருவது என்ன என்று பாருங்கள். வங்கி அட்டை, காசோலைப் புத்தகம், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுக் கடிதம், வக்கீல் நோட்டீஸ். நலம் விசாரிப்பதெல்லாம் போனுக்குப் போய்விட்டது. பணமும் சட்டமும் இன்னும் தபாலில்தான் வருகின்றன. கடிதம் குறைந்துவிட்டது என்பதால் பெட்டி வேண்டாம் என்பது தலைகீழ் வாதம். வருவது பத்தே கடிதம் என்றால் அந்தப் பத்தில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது.

“முக்கியமானதைக் கையெழுத்து வாங்கித்தானே தருவார்கள், பெட்டி எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. வீட்டில் ஆள் இருந்தால் சரி. பூட்டியிருந்தால்? தபால்காரர் ஓர் அறிவிப்புச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார். கடிதம் சில நாள் தபால் நிலையத்தில் காத்திருக்கும். நீங்கள் போய் வாங்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அந்தச் சீட்டை அவர் எங்கே வைப்பார்? கேட் கம்பியில் செருகுவார். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தெருவில் ஓர் அம்மா. கணவர் போனபின் காப்பீட்டுப் பணம் சம்பந்தமாக ஒரு தபால் வந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்தது. சீட்டு பறந்தது, கடிதம் திரும்பியது. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் அலைந்தார். தபால்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. செருகுவதைத் தவிர அவர் என்ன செய்வார்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு, சரியான விலாசமெழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகவே கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. “வீடு பூட்டியிருந்தது” என்று குறிப்பெழுதித் திரும்பி வந்தாலும் சேர்ந்ததாக அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் காசோலை வழக்கில் சொல்லியிருக்கிறது. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பெயர்தான் மாறியது. பூட்டிய வீட்டு வாசலில் தபால்காரர் நிற்பது மாறவில்லை.

சரி, பெட்டி வைக்கிறவர்களாவது ஒழுங்காக வைக்கிறார்களா? கடையில் விற்கும் தகரப் பெட்டி நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். இன்னொரு வகை, ரயில் எஞ்சின் போலவும் குருவிக்கூடு போலவும் இருக்கும் அலங்காரப் பெட்டி. வருகிறவர்கள் ரசிப்பார்கள். ஆனால் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுதான். ஏ4 கவரை நாலாக மடித்தால்தான் உள்ளே போகும். அது பொம்மை, தபால் பெட்டி இல்லை.

போன வருஷம் நான் செய்வித்தது தேக்குப் பெட்டி. இடித்த வீட்டு ஜன்னல் கதவுகளைப் பழைய மரக்கடையில் வாங்கினேன். நன்றாக உலர்ந்து முறுகிய மரம், இனி வளையாது. “அம்பது பைசா கார்டுக்குத் தேக்குல வீடா சார்?” என்றார் ஆசாரி. செய்து முடித்ததும் அவரே தடவிப் பார்த்துக்கொண்டார்.

அளவைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் பத்து அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல உயரம். பெட்டியின் உயரம் பதினாறு அங்குலம். ஏ4 கவர் மடங்காமல் நின்றுகொள்ளும். வாய் தெருப்பக்கம், எடுக்கும் கதவு நம் பக்கம். சைக்கிளை விட்டு இறங்காமலே கை எட்ட வேண்டும், அதனால் வாய் தரையிலிருந்து மூன்றரை அடியில். கூரை சரிவாக, வாய்க்கு முன்னால் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஐப்பசி மழை நேராகப் பெய்யாது, சாய்ந்தடிக்கும். வாய்க்குக் கீல் வைத்த மூடி இல்லையென்றால் குளவி குடிவந்துவிடும். அடியில் நாலு துளை போட்டு வலை அடித்து, அதன்மேல் ரீப்பர் வைத்தால் நீர் தேங்கினாலும் காகிதம் நனையாது. ஆணி வேண்டாம், பித்தளைத் திருகு. மரத்தூணை மண்ணில் புதைத்தால் கரையானுக்குச் சாப்பாடு. கருங்கல் மேல் நிறுத்துங்கள்.

தனியாகத் தெரிய வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இலக்கம். ஒருவருடைய பழைய எண் இன்னொருவருடைய புதிய எண்ணாக இருக்கும். இரண்டையும் மரத்திலேயே பெரிதாகச் செதுக்கச் சொன்னேன். தெருமுனையிலிருந்தே தெரிகிறது. தபால்காரருக்கு மட்டுமல்ல, ராத்திரியில் வரும் ஆம்புலன்ஸுக்கும் அது உதவும்.

மரம், பித்தளை, கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ஆகவில்லை. லட்சக்கணக்கில் கேட்டுக்குக் கொடுக்கிறவர்களுக்கு இது ஒரு செலவா? வீட்டு வரைபடம் போடும்போதே எஞ்சினியரிடம் கேளுங்கள்: “தபால் பெட்டி எங்கே சார்?” அவர் சிரித்தால் வேறு எஞ்சினியரைப் பாருங்கள். யாரெல்லாம் உள்ளே வரக் கூடாது என்பதற்கு வாசலில் இத்தனை பலகை வைத்திருக்கிறோம். நமக்கென்று ஒன்றைக் கொண்டுவருகிறவர் வெயிலில் நடந்து வருகிறார். அவருக்கு ஒரு பெட்டி வைக்கக் கூடாதா?