கார்டை மாற்றுமுன் கணக்கைப் பாருங்கள்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில் சமீப காலமாக ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, பெரிதாக வாங்க வேண்டும்" என்பதே அது. முன்பெல்லாம் விளையாட்டுக்காகக் கேட்டார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்காகக் கேட்கிறார்கள். படிப்பு என்ற சொல் வந்துவிட்டால் பெற்றோரால் மறுக்க முடிவதில்லை. கேட்கும் பிள்ளைக்கும் விற்கும் கடைக்காரருக்கும் நடுவே, இருக்கும் கார்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தவர் யார் என்பதே என் கேள்வி.

என் அக்கா பேரன் இங்கே களமசேரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். வீடு மட்டாஞ்சேரியில், ஒரு மலஞ்சரக்குக் கிடங்குக்கு மேல்மாடி. மிளகுக் கொடியின் இலைப் படங்களைக் காட்டி நோயைக் கண்டறியக் கணினிக்குப் பழக்குவது அவனுடைய புராஜெக்ட். வீட்டில் இருப்பது ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டு, 12 ஜி.பி. நினைவகம் கொண்டது. படங்களை ஒரு முறை முழுக்கப் பார்த்து முடிக்க அதற்கு 14 நிமிடம் பிடித்தது. அப்படி நூறு முறை பார்க்க வேண்டும். கடையில் விசாரித்தபோது பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "கார்டு போரா சாரே, மாற்றணம்" என்று சொல்லி ரூ.60,000க்கு மேல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் தாயார் வளையலை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள். அந்த நிலையில்தான் விஷயம் என்னிடம் வந்தது.

எனக்குக் கணினி தெரியாது என்றே வைத்துக் கொள்ளுங்கள். டிப்ளமா படித்து டீசல் எஞ்சின் ஷெட்டில் காலம் தள்ளியவன். ஆனால் "எஞ்சினில் இழுவை இல்லை" என்ற புகாரை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். வண்டி தாமதமாக வந்தால் முதல் பழி எஞ்சின்மேல்தான் விழும். நாங்கள் உடனே எஞ்சினைப் பிரிக்க மாட்டோம். வேகப்பதிவு மீட்டரின் சார்ட்டை எடுத்து விரிப்போம். வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது, எங்கே ஓடியது என்று அதில் கோடு போட்டிருக்கும். பல நேரம் அந்தத் தாமதம் சிக்னலில் நின்றதால் வந்ததாக இருக்கும். டிரைவர் மேடையில் லோடு மீட்டர் என்று ஒன்று உண்டு. டிராக்ஷன் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை அது காட்டும். குறித்த அளவுக்கு மேல் போனால் இத்தனை நிமிடம்தான் ஓட்டலாம் என்று கணக்கு. மீறினால் மோட்டார் சூடாகிக் கெடும்.

"உன் கார்டுக்கு அப்படி ஒரு சார்ட் உண்டா?" என்று கேட்டேன். "இருக்கிறது தாத்தா, யாரும் பார்ப்பதில்லை" என்றான். கார்டின் மென்பொருளோடு என்விடியா-எஸ்.எம்.ஐ. என்ற சிறு நிரல் இலவசமாகவே வருகிறது. வேலைச் சதவீதம், நினைவகம், வெப்பம், வாட் கணக்கில் மின்சாரம், கடிகார வேகம் ஆகியவற்றை வினாடிக்கு ஒரு வரியாக அது கோப்பில் எழுதிக் கொண்டே போகும். விண்டோஸின் டாஸ்க் மானேஜரும் 2017 முதல் கார்டின் படத்தைக் காட்டுகிறது. ஆனால் கடைசி ஒரு நிமிடம்தான் அதில் நிற்கும். மேலும் அதில் முதலில் கண்ணில் படுவது '3டி' வேலையின் படம். இவன் செய்யும் கணக்கு வேலை அதில் பெரும்பாலும் சேராது. அதைப் பார்த்துவிட்டு கார்டு சும்மா இருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டாம்.

இரண்டு மணி நேரம் பதிவெடுத்தோம், 7,200 வரிகள். எக்ஸெலில் விரித்ததும் எனக்குப் பழைய சார்ட்டைப் பார்த்ததுபோல் இருந்தது. மூன்று வினாடி 95 சதவீதம், அடுத்த நாலைந்து வினாடி பூஜ்யம், மறுபடி 95. பாதிக்கு மேற்பட்ட வரிகளில் கார்டு சும்மா நின்றது. படங்கள் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்தன. அவன் பயன்படுத்தும் பைடார்ச் மென்பொருளில், நாமாகச் சொல்லாவிட்டால் படங்களை எடுத்துக் கொடுக்கத் தனி ஆள் கிடையாது. அந்த எண் தானாக 0 என்றே இருக்கும். எஞ்சின் தயார், சரக்கு ஏற்றத்தான் ஆளில்லை. படங்களை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, நாலு 'ஆளை'யும் போட்டான்.

வேலைச் சதவீதம் 90ஐத் தாண்டியது. உடனே அடுத்த குறை தலைகாட்டியது. கால் மணியில் வெப்பம் 83 டிகிரியைத் தொட, கடிகார வேகம் இறங்க ஆரம்பித்தது. சூடானால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்; கெடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. பெட்டியைத் திறந்தால் விசிறி முழுக்கச் சுக்குத் தூளும் மிளகாய்த் தூசியும். தும்மித் தும்மித் துடைத்து, சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியை முன்னால் இழுத்து வைத்தோம். அதே வேலைக்கு வெப்பம் 72இல் நின்றது. 14 நிமிடம் ஐந்தரை ஆயிற்று. மொத்தச் செலவு ரூ.5,000க்குள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த வேலைச் சதவீதத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். கடந்த சிறு நேரத்தில், அதாவது ஒரு வினாடி அல்லது அதைவிடக் குறைந்த இடைவெளியில், கார்டில் ஏதாவது ஒரு வேலையாவது ஓடிய நேரத்தின் விகிதமே அது என்று என்விடியாவின் கையேடே சொல்கிறது. பெட்டி இல்லாமல் தனியே போகும் லைட் எஞ்சினும் ஓடுகிற எஞ்சின்தானே? பாரம் இழுக்கிறதா என்று தெரிய வாட் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கார்டின் உச்ச அளவு 170 வாட். 100 சதவீதம் வேலை என்று காட்டிக் கொண்டு 70 வாட் மட்டும் இழுத்தால், எங்கோ இடிக்கிறது என்று பொருள்.

கார்டு உண்மையிலேயே போதாத வேளையும் உண்டு. நினைவகம் முழுதும் நிரம்பி நிரல் பிழை சொல்லி நின்றுவிட்டால், எத்தனை துடைத்தாலும் பயனில்லை. அப்போது வாங்கித்தான் ஆக வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். அதுவும் அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும்.

வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை சுமார் ரூ.10,372 கோடியில் இந்தியா ஏ.ஐ. மிஷனுக்கு ஒப்புதல் அளித்தது. மாணவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சலுகை விலையில் கார்டுகளை வாடகைக்குத் தருவது அதில் ஒரு பகுதி. 2025இல் மணிக்குச் சுமார் ரூ.65 என்று அறிவித்தார்கள். நூறு மணிக்கு ரூ.6,500. நம் பையன் கார்டு நின்றதுபோல் பாதி நேரம் நின்றால், ரூ.3,250 காற்றில் போயிற்று. சலுகைப் பணமும் நம் வரிப்பணம்தான். உலகின் பெரிய கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில் ஏட்டளவிலான சக்தியையும் சோதனையில் செய்து காட்டிய சக்தியையும் தனித்தனியாகப் போடுகிறார்கள். இடம் கொடுப்பது செய்து காட்டியதை வைத்து. 2020 நவம்பரில் 63ஆம் இடம் பெற்ற புனே சி-டாக்கின் பரம் சித்தி-ஏ.ஐ.க்கும் அதே கணக்குதான்.

எச்.எம்.டி. ஜங்ஷனிலிருந்து பல்கலைக்கழகம் வரை இந்தக் களமசேரியில் எத்தனை ஆய்வகங்கள், எத்தனை புது நிறுவனங்கள்! கார்டு வாங்கிய தொகையைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நிறைய. வாரத்துக்கு ஒரு தரம் அந்தக் கார்டின் சார்ட்டை எடுத்து ஆய்வகக் கதவில் ஒட்டினால் என்ன? லேத்துக்கும் எஞ்சினுக்கும் லாக் புத்தகம் வைத்த ஊருக்கு இது புதிதாகத் தோன்றாது. பெற்றோரும், பணத்தை எடுக்குமுன் ஒரு மாலைப் பொழுதின் பதிவையாவது பிள்ளையிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

பதிவு எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்துக்கு வரலாம். நானும் இருப்பேன், அக்கா பேரனையும் அழைத்து வருகிறேன். மடிக்கணினி கொண்டு வருவோர் சார்ஜரையும் மறவாமல் எடுத்து வரவும்; பேட்டரியில் ஓடும்போது கார்டு முழு வேகத்தில் ஓடாது, அளந்த அளவும் சரியாக இராது.