சிசுவின் பாலும் ரத்தப் பரிசோதனையும்

கர்ப்பத்திலுள்ள சிசு ஆணா, பெண்ணா என்று அறிவதற்கு இப்போது ஸ்கேன் யந்திரம் வேண்டியதில்லை. தாயின் கையிலிருந்து எடுத்த சிறிது ரத்தமே போதும். நஞ்சுக்கொடியிலிருந்து பிரியும் மரபணுத் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் கலந்து ஓடுகின்றன. ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமின் சுவடு அதில் தென்பட்டால் சிசு ஆண், தென்படாவிடில் பெண். 1997-ம் வருஷத்தில் ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் இவ்வுண்மையை வெளியிட்டார்கள். 2011 முதல் டவுன் ஸிண்ட்ரோம் முதலிய பிறவிக் கோளாறுகளை முன்கூட்டி அறிவதற்கு இச்சோதனை பல தேசங்களில் வழங்கி வருகிறது. கர்ப்பப்பையினுள் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுக்கும் பழைய முறையில் சில சமயம் கரு கலைந்துபோவதுண்டு. இதில் அந்த அபாயம் இல்லை. அந்த அளவில் இது மாதர்களுக்குப் பெரும் உபகாரம் என்பதை நாம் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும், நமது தேசத்தில் சிசுவின் பாலை அறியும் வித்தை எதுவாயினும் அது எதற்குப் பயன்பட்டு வந்திருக்கிறது என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 918. ஹரியானாவில் 2011-ல் 834 பேரே இருந்தனர். வடக்கத்தியாரைக் குறை கூறி நாம் திருப்தியடைந்துவிட முடியாது. நம் சேலம் ஜில்லாவில் 2001-ல் இருந்த தொகை 851. பெற்ற பெண்ணைக் கொல்லாமல் சர்க்காரிடமாவது விட்டுச் செல்லுங்கள் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றதும் அந்த ஜில்லாவிலேதான்.

1994-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றி, 1996-ல் அமுலுக்கு வந்து, 2003-ல் திருத்தப்பெற்ற சட்டம், சிசுவின் பாலை அறிவிப்பதைக் குற்றமாக்கிற்று. முதற்குற்றத்திற்கே மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. சட்டத்தின் வாசகத்தில் ரத்தப் பரிசோதனையும் அடங்கியே இருக்கிறது. ஆனால் அதிகாரிகளின் கண்காணிப்பெல்லாம் பெரும்பாலும் ஸ்கேன் யந்திரத்தைச் சுற்றியே அமைந்தது. யந்திரம் ஓர் அறையில் இருப்பது. அதைப் பதிவு செய்யலாம், பூட்டி முத்திரையிடலாம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எழுதச் செய்யலாம். ரத்தமோ ஒரு சிறு குப்பியில் அடங்கி ஊர் விட்டு ஊர் செல்லும்; தேசம் விட்டுத் தேசமும் செல்லும். 2019-ல் சீனாவின் ஷென்ஜென் எல்லைச் சாவடியில் ஹாங்காங்குக்குச் சென்றுகொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பையைச் சோதித்தபோது, கர்ப்பிணிகளின் ரத்தக் குப்பிகள் 142 அகப்பட்டன. சீனாவிலும் பாலறியும் சோதனைக்குத் தடை உண்டு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

காலத்தின் வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஸ்கேனில் பால் தெளிவாகத் தெரிய மூன்று மாதமேனும் கடக்க வேண்டும். ரத்தத்திலோ ஏழாவது வாரத்திற்குப் பிறகே பெரும்பாலும் அறிந்துவிடலாம். அந்நிலையில் மாத்திரையால் கருவைக் கலைத்துவிட்டால் அண்டை வீட்டாருக்கும் தெரியாது.

இந்தச் சட்டத்தால் பயனில்லை. ஒவ்வொரு சிசுவின் பாலையும் அறிந்து பதிவு செய்து, பெண் சிசு பிறக்கும் வரை கண்காணிப்பதே மேல் என்று சிலர் கூறுகிறார்கள். 2016-ல் மத்திய மந்திரி மேனகா காந்தி இந்த யோசனையை வெளியிட்டார். 2024-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் தலைவரும் இதே கருத்தைப் பேசினார். படிவத்தில் நேர்ந்த எழுத்துப் பிழைக்காக நேர்மையான வைத்தியர்களும் அலைக்கழிக்கப்படுகிறார்கள் என்ற அவர்களுடைய முறையீட்டில் நியாயம் உண்டு. அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் வருஷத்திற்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரசவங்கள் நடக்கும் தேசத்தில் இக்காவலைச் செய்யப்போகிறவர் யார்? இயற்கையாகக் கரு கலைந்த ஏழைப் பெண்ணின் வாசலில் போலீஸ்காரர் வந்து நிற்பதுதான் இதன் பலனாகும். இப்போதுள்ள சட்டமோ, கர்ப்பிணியைக் கணவனும் சுற்றத்தாருமே கட்டாயப்படுத்தியிருப்பர் என்று கொண்டு விசாரிக்கச் சொல்கிறது. அந்த விவேகத்தைக் கைவிடுவதற்கு நாம் ஒருக்காலும் சம்மதியோம்.

தென்கொரியாவைப் பாருங்கள் என்பது இவர்களுடைய மற்றொரு வாதம். அந்நாட்டு அரசியல் நிர்ணய நீதிமன்றம் 2024-ல் பாலறிவிக்கும் தடையில் எஞ்சியிருந்ததையும் நீக்கிவிட்டது உண்மையே. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1987-ல் அங்கே தடை வந்தது. அப்படியும் 1990-ல் நூறு பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. குடும்பத் தலைமை ஆணுக்கே உரியது என்னும் ஹோஜு முறையை ஒழிக்க 2005-ல் தீர்மானித்து 2008 முதல் அகற்றினார்கள். பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள். பிறப்பு விகிதம் 2007-ஐ ஒட்டி இயற்கை நிலைக்குத் திரும்பிற்று. தடையைத் தளர்த்தியதெல்லாம் அதற்குப் பின்னரே. நோய் தீர்ந்தவன் மருந்தை நிறுத்தியதைக் காட்டி, நோயாளியையும் நிறுத்தச் சொல்வது என்ன வைத்தியம்?

நமது ராஜ்யத்தில் பூர்விகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு 1989-லேயே சட்டமாயிற்று. தேசம் முழுமைக்கும் 2005-ல் ஆயிற்று. ஆயினும் ரிஜிஸ்திரார் ஆபீஸில் சகோதரிகளை அழைத்து வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. மேடையில் பெண் விடுதலை பேசும் நண்பர்களிலும் சிலர் அப்பத்திரத்தைத் தம் பெட்டியில் வைத்திருக்கக்கூடும்.

சர்க்கார் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதிக்கும் ஒவ்வொரு கூடமும் எத்தனை குப்பிகள் பெற்றது, எங்கே அனுப்பியது என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சிசுவின் பாலைக் காட்டும் விவரம் கூடத்தின் அறிக்கையிலோ கணினியில் எஞ்சும் தரவிலோ குடும்பத்தார் கைக்கு எட்டலாகாது. வெளிதேசத்திற்குச் செல்லும் ரத்தக் குப்பிகளைச் சுங்க அதிகாரிகள் தனியே பதிய வேண்டும். சென்ற வருஷம் இத்தகைய சோதனைகள் எத்தனை நடந்தன, அவற்றில் எத்தனை கூடங்களை அதிகாரிகள் நேரில் பார்வையிட்டார்கள் என்று பார்லிமெண்டில் நம் அங்கத்தினர் ஒருவரேனும் கேட்பாரா?